பெரட்டுக்கு முதல் ஆள்

எனக்கும் என் மாமியாருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் அவளைப் பற்றி உருகி ஏதாவது எழுதிவிட்டால் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் என் அப்பாவோடு கூடப் பிறந்தவள், அதனால் எனக்கு அத்தை. அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். குழம்பில் உப்பு கூடினால் என் அம்மாவின் வளர்ப்பு சரியில்லை என்பாள், குறைந்தால் என் அப்பாவின் வளர்ப்பு சரியில்லை என்பாள். சொந்த அண்ணனையே விட்டுவைக்காத வாய் அது.

மலாயாவில், பெடோங்கிலிருந்து சுங்கை லாலாங் போகிற வழியில் எங்கள் ரப்பர் எஸ்டேட். விடியும் முன்பே ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லாரும் வாளியும் பால்வெட்டுக் கத்தியுமாக வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். பிந்தி வந்தால் பேர் வெட்டு, அன்றைக்கு வேலை கிடையாது, திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்தப் பெரட்டு வரிசையில் என் அத்தைதான் எப்போதும் முதல் ஆள். ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மறுநாளே, வழி தெரியாமல் தடுமாறிப் பிந்திப்போய்ப் பேர் வெட்டு வாங்கியவள் அவள். இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. அன்று முழுக்க அவளுக்கும் கஞ்சி இல்லை, பிள்ளைக்கும் பால் இல்லை. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் அவள் ஒரு நாள் பிந்தியதில்லை. காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருப்பாள், தண்டவாளம் 'டாங்' என்றால் போதும், உடம்பு தானாக எழுந்து நிற்கும். "பெரட்டுக்கு நிக்காதவளுக்கு அடுப்பு எதுக்குடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்பாள். நான் தினமும் கடைசி ஆளாக ஓடிவருகிறவள்.

அந்த ஆறு மாதப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர். ஜப்பான்காரன் வந்த பிறகு எஸ்டேட்டில் ரப்பர் வாங்க ஆள் இல்லை. எஸ்டேட்டுக்கு இத்தனை பேர் என்று கேட்டு, சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. லோரியில் ஏறும்போது அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மாவ பாத்துக்க. நான் திரும்பி வந்து நிக்கறப்ப ரெண்டு பேரும் இருக்கணும்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் எங்களையும் விடவில்லை. எஸ்டேட்டில் மிச்சமிருந்த பெண்களும் வயதான ஆண்களுமாக நாற்பத்தொரு பேரைச் சுங்கை பட்டாணி ரயில் யார்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எங்களை வேலை வாங்கும் கங்காணியும் அந்தக் கணக்கில் ஒருவர். யார்டின் ஓரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகையில் தங்கல். சல்லிக்கல்லைக் கூடையில் சுமந்து தண்டவாளத்துக்கு அடியில் கொட்டி இறுக்க வேண்டும், எஞ்சினுக்கு எரிக்க ரப்பர்க் கட்டையை அடுக்க வேண்டும். சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். சாயங்காலம் கொஞ்சம் மாற்றமாக இருக்கட்டும் என்று அதையே உப்பில்லாமல் தருவார்கள்.

நான் கல்லைக் கொண்டுபோய்க் கடனே என்று கொட்டுவேன். அத்தை அப்படி இல்லை. ஒவ்வொரு கல்லாக இடுக்கில் சொருகி, காலால் மிதித்துப் பார்த்து, ஆடுகிறதா என்று தண்டவாளம் தாங்கும் கட்டையைத் தட்டிப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஜப்பான்காரன் ரயிலுக்கு ஏன் இப்படி ஒழைக்கிறீங்க? இந்தத் தண்டவாளத்துலதான் உங்க புள்ளைய ஏத்திட்டுப் போனாங்க."

"இதுலதானேடி திரும்பி வரணும்" என்றாள். "கல்லு சரியா இல்லாம வண்டி கவுந்தா, நீயா போயித் தூக்குவ?"

நான் அடுத்த கூடையைத் தூக்கக் குனிந்தேன். ஆனால் என் மனசு வேறு மாதிரி. இந்தத் தண்டவாளம் ஒடிந்து தொலைந்தால் இன்னும் நாலு வீட்டு ஆண்பிள்ளைகளாவது தப்பிப்பார்களே என்று நினைப்பேன். ஒரே பாதைதான். அவளுக்கு அது உடையக் கூடாது, எனக்கு உடைய வேண்டும்.

உடைக்க ஆள் வந்தது. வெள்ளைக்காரனுடைய விமானங்கள் வடக்கே எங்கெங்கோ ரயில் நிலையங்களில் குண்டு போடுவதாகக் கொட்டகையில் கிசுகிசுத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரன் தோற்கப் போகிறான் என்று அர்த்தம், கூடிய சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் சந்தோஷம். அந்தக் குண்டு எங்கள் தலையிலும் விழும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

யார்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதிலும் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. காலையிலும் மாலையிலும் எங்களில் யாராவது ஓடிவிட்டார்களா என்று யார்டுக் காவலுக்கு இருந்த ஜப்பான்காரன் தலை எண்ணுவதற்குக் கங்காணி அதைத்தான் அடிப்பார். விமானம் வருவதாகத் தந்தி வந்தாலும் அதையே அடிக்கச் சொல்லிவிட்டான் அந்தப் புத்திசாலி. அடித்தால் ஓடிப்போய்ப் பதுங்க வேண்டும் என்று ஒரு தடவை சைகையில் காட்டினான். நாங்களும் தலையை ஆட்டினோம்.

முதல் விமானம் வந்தது ஒரு காலை நேரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மலாய்க்கார சிக்னல்காரர் தன் கூண்டின் மேலிருந்து சிவப்புக் கொடியை ஆட்டினார். கங்காணி தண்டவாளத்தை அடித்தார். 'டாங், டாங், டாங்.' நாங்கள் கூடைகளை அப்படியே போட்டோம். ஓடினோம். எங்கே தெரியுமா? மரத்தடித் திடலுக்கு. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. என் அத்தை முதல் ஆள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நிற்கிறாள்.

ஜப்பான்காரன் தன் பதுங்கு குழிக்குள் குதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நாற்பத்தொரு பேர் திறந்த வெளியில், கங்காணியோடு சேர்ந்து, வரிசை பிசகாமல் நிற்கிறோம். அவன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி ஏதோ கத்தினான். வரிசை கோணலாக இருக்கிறது என்கிறான் போலும் என்று இன்னும் நேராக நின்றோம். அவன் இன்னும் கத்தினான். நாங்கள் இடுப்பை மடித்து அவனுக்கு வணக்கம் வைத்தோம்.

அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலே வெள்ளித் தட்டுகள் போல நாலைந்து விமானங்கள் போயின. யார்டின் அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி எழுந்து உட்கார்ந்தது. காற்று எங்களை மொத்தமாகத் தூக்கித் தரையில் அறைந்தது. காதில் வண்டுச் சத்தம், வாயெல்லாம் மண். தொட்டிக்கருகே வேலை செய்த இரண்டு பேர் போய்விட்டார்கள். வேறு எஸ்டேட்காரர்கள், முகம் மட்டும் பழக்கம். குண்டு எங்கள் பக்கம் விழாதது எங்கள் சாமர்த்தியம் அல்ல.

நான் எழுந்து அத்தையைத் தேடினேன். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவள் மறுபடி வரிசையில் போய் நிற்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் மாமியார் என்றும் பார்க்கவில்லை, அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்களுக்கு மூளை இருக்கா, இல்லையா? குண்டு போடறான், நீங்க பேர் குடுக்க நிக்கறீங்க."

"நீயும்தானடி நின்ன" என்றாள்.

நானும்தான் நின்றேன். இருபது வருஷமாக எஸ்டேட்டில் வளர்ந்த கால் அது. இரும்புச் சத்தம் கேட்டால் வரிசைக்குத்தான் போகும், மூளையை ஒரு வார்த்தை கேட்காது.

அதற்குப் பிறகு கங்காணி எங்களுக்குப் பாடம் நடத்தினார். "தண்டவாளம் அடிச்சா எல்லாரும் ஓடணும். நிக்கக் கூடாது. வெளங்குச்சா?" எல்லாருக்கும் விளங்கியது. இரண்டு நாள் கழித்து ஒரு விமானம் குண்டு போடாமல் உயரத்தில் போயிற்று. தண்டவாளம் அடித்தது. சில பேர் பத்தடி ஓடினார்கள். ஓடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திடலில் அத்தை நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவள் பின்னால் நின்றுகொண்டார்கள். பாடம் நடத்திய கங்காணியும் வந்து நின்றார்.

அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். என் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன்? சயாமிலிருந்து வந்து வாசலில் நின்று அம்மா எங்கே என்று கேட்டால், பெரட்டுக்கு நின்று செத்தாள் என்றா சொல்வது? "அத்தே, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், அடுத்த வாட்டி ஓடுங்க" என்றேன். அவளும் பாவம், முகம் வாடிப்போய்த் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஓடக் கூடாதுன்னா நெனைக்கிறேன்? சத்தம் கேட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுடி" என்றாள். அவள் என்னிடம் ஒரு விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

வழி கிடைத்தது ஒரு மழையால்தான். நாலைந்து நாள் கழித்து, முற்பகலில் திடீரென்று வானம் கறுத்தது. மெர்போக் ஆற்றுப் பக்கமிருந்து ஈரக் காற்று அடித்தது. முதல் துளி என் கையில் விழுந்தபோது பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தி பழக்க தோஷத்தில், "மழை வருது, பால எடு" என்று கத்திவிட்டாள்.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் மரப்பட்டையை வெட்டிவிட்டு, மரத்துக்கு ஒரு மங்குக் கிண்ணம் வைத்திருப்போம். பால் அதில் சொட்டிக்கொண்டிருக்கும். மழை பிடித்துவிட்டால் பாலெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் மழை என்று ஒரு குரல் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அவரவர் நிரைக்குப் பறந்துவிட வேண்டும். நிரை என்றால் ஒருவருக்கென்று ஒதுக்கிய மர வரிசை. அந்த நேரத்தில் யாரும் யாரோடும் சேர்ந்து ஓட மாட்டார்கள். ஒருத்தி கிழக்கே, ஒருத்தி மேற்கே.

யார்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரப்பர்த் தோட்டம் இருந்தது. அன்றைக்கு அந்தக் குரல் கேட்டதும் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் கல்லுக் கூடையைப் போட்டுவிட்டு வேலி வரைக்கும் ஓடிவிட்டார்கள். ஓடிய பிறகுதான், இங்கே நமக்கு ஏது பால் என்ற நினைப்பு வந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்று சிரித்தவள் என் அத்தை. அதிலும் முதல் ஆள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகக் கங்காணியிடம் போனேன்.

"கங்காணியாரே, நீங்க தண்டவாளம் அடிச்சா இவங்க நிப்பாங்க. மழைன்னு கத்தினா ஓடுவாங்க. இனிமே விமானம் வந்தா நான் கத்தறேன்."

"வெயிலடிக்கறப்ப மழைன்னு கத்துவியா? பைத்தியம்னு சொல்லுவாங்க புள்ள."

"சொல்லிட்டுப் போகட்டும். பைத்தியத்த குண்டுக்கு அடையாளம் தெரியவா போகுது?"

அவர் மூக்கைச் சொறிந்தார். ஒரு பெண் பிள்ளை யோசனை சொல்லி அதைக் கேட்பதா என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தபோது வேலியின் அடிக்கம்பிகள் நாலு இடத்தில் பாராங் கத்தியால் வெட்டி மேலே மடக்கப்பட்டிருந்தன. யார் வெட்டியது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள், வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகமில்லாத ஒரு முற்பகலில், சிவப்புக் கொடி ஆடியது. தண்டவாளம் அடித்தது. கூடைகள் விழுந்தன. எல்லாரும் திடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள். அத்தை முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

நான் ரப்பர்க் கட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "மழை வருது, பால எடு. மழை, மழை, பால எடுங்க."

அத்தையின் கால் அப்படியே நின்றது. வானத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. திரும்பினாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியைப் பார்த்துப் பறந்தாள். அவள் பின்னால் எல்லாரும். கம்பிக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போனதும் ஒவ்வொருவரும் ஒரு திக்காகப் பிரிந்தார்கள். அவரவர்க்கு அங்கே நிரை இருப்பதுபோலத்தான் ஓடினார்கள். நான் கடைசியாகப் புகுந்து, ஒரு மரத்தடிப் பள்ளத்தில் குப்புற விழுந்தேன்.

தரை குதித்தது. இலையெல்லாம் மழைபோலவே எங்கள் மேல் கொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சத்தம் ஓய்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது தூங்குமூஞ்சி மரம் இல்லை. அதில் தொங்கிய தண்டவாளத் துண்டு இல்லை. நாங்கள் வரிசையில் நிற்கும் திடல் இருந்த இடத்தில் ஒரு லோரியை இறக்கி மூடிவிடலாம் போல ஒரு பள்ளம், அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

நான் மரம் மரமாக ஓடித் தேடினேன். பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, மாமியார் ஆயிற்றே. "அத்தே, அத்தே" என்று அலறினேன். நாற்பது பேரில் பாதிப் பேருக்கு நான் மருமகள் முறை, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் 'என்னடி' என்றார்கள். என் அத்தை தூரத்தில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மரப்பட்டையில் மங்குக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"எங்கடி மழை?" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் தலையை வைத்துச் சிரித்தேனோ அழுதேனோ, இரண்டும்தான். எங்கள் கங்காணி ஒவ்வொருவராக எண்ணினார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். நாற்பத்தொரு பேரும் இருந்தோம்.

சாயங்காலம் யார்டுக்குத் திரும்பினோம். தண்டவாளங்கள் வாடிய கொடிபோல் சுருண்டு கிடந்தன. அத்தை தான் சொருகிய கற்கள் சிதறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்து ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு குலுங்கி அழுதாள்.

"என் புள்ள இனி எதுலடி வருவான்?"

எனக்கு என்றைக்கும் அவளைத் தேற்றிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "நடந்து வருவாரு. உங்க புள்ளதானே, நேரத்துக்கு வந்து நிப்பாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயி, வாயி" என்றாள். ஆனால் அன்று இரவு தன் பங்குக் கிழங்கில் பாதியை என் தட்டில் போட்டாள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. எஸ்டேட்டுக்குத் திரும்பினோம். வெள்ளைக்காரத் துரையும் திரும்பி வந்தார், புதிதாக ஒரு கிராணி வந்தார். ஆபீஸ் வாசலில் தண்டவாளத் துண்டு பழையபடி அடித்தது, என் அத்தை பழையபடி முதல் ஆளாக நின்றாள். சயாமுக்குப் போனவர்கள் ஒன்றும் இரண்டுமாக வந்தார்கள். சில வீடுகளுக்குச் சேதி மட்டும் வந்தது. வந்தவர்களிடம் நான்தான் போய் விசாரிப்பேன். அத்தை கேட்க மாட்டாள், தள்ளி நின்று காதை மட்டும் கொடுப்பாள். யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, செத்ததாகவும் சொல்லவில்லை. அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் மாதங்களை ஓட்டினோம்.

ஒரு காலை, கொஞ்சம் பிந்தியே பெரட்டு நடந்தது. இரவு மழை பெய்து மரம் ஈரமாக இருந்ததால் வெயில் வரட்டும் என்று காத்திருந்தார்கள். கிராணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பேர் அத்தையுடையது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். கடைசி ஆளாக நின்ற நான் எட்டிப் பார்த்தேன். வரிசையின் முதல் இடம் காலியாக இருந்தது. வாளி மட்டும் உருண்டு கிடந்தது.

எஸ்டேட் சாலையில் அத்தை ஓடிக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில், சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கம்பை ஊன்றியபடி ஒருவர் வந்துகொண்டிருந்தார். ரயில் பாதி வழியில் நின்றுவிட்டதாம். அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். எலும்பும் தோலுமாக இருந்தாலும், இடது தோளைச் சாய்த்து நடக்கிற அந்த நடை எனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரிந்தது, ஆனால் கால் வரவில்லை. மற்றவர்களுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தவள், பெரட்டு வரிசையில் வாளியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நிற்கிறேன். கிராணி பேர் கூப்பிட்டுக்கொண்டே போகிறார். கண்ணெல்லாம் தண்ணீர், உடம்பு நகர மறுக்கிறது.

அத்தை மகனைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் தேடித் திரும்பினாள். வரிசையில் நிற்கிற என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் சாலை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள்.

"அடியே, மழை வருதுடி. வந்து பால எடு."

ஓடினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேர் வெட்டு.